உடையாத கண்ணாடி

பெரியப்பா அரசுக் கட்டடத் துறையில் ஓவர்சீயராகச் சேர்ந்து, முப்பத்தோரு வருடம் கழித்து ஓவர்சீயராகவே ஓய்வு பெற்றவர். துறைக்கு எழுபத்தைந்து வயதானபோது சிறப்பு மலர் போட்டார்கள். பழைய ஆட்களிடம் ஆளுக்கு ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். அவருக்குக் கை நடுக்கம். ஐந்து வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்திருந்த என்னைப் பிடித்துக்கொண்டார்.

“கால்ல சக்கரம் கட்டின மகாராணி, ரெண்டு நாள் ஒரு இடத்துல உக்காந்து நான் சொல்றத எழுது.”

எழுதினேன். ஆரம்பத்தில் சாலையும் கட்டடமும் ஒரே துறையாம். பிறகு பிரித்தார்கள். “பிரிச்சப்புறம் வாசப்படி யாரோடதுன்னு நாலு வருஷம் சண்டை. படி பாட்டுக்கு உடைஞ்சு கெடந்துச்சு.” எல்லாக் கட்டடத்துக்கும் எண் உண்டு. அவர் எதையும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. நான் பிறந்த ஆஸ்பத்திரிகூட அவருக்கு நாற்பத்திரண்டுதான்.

விரிசல் விட்ட சுவரில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசி, கண்ணாடி மேலேயே தேதி எழுதுவார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் உடனே ஆட்களை வெளியேற்ற வேண்டும். பதினேழாம் எண், பழைய ஆவணக் கிடங்கு. அங்கே பெரியப்பா ஒட்டிய கண்ணாடி மாதாமாதம் முழுசாகவே இருந்தது. பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதினார். ஒரு மத்தியானம் சுவர் விழுந்தது. உள்ளே இருந்த வாட்ச்மேன் செத்துப்போனார்.

“இத எழுத வேண்டாம். வாசப்படியோட நிறுத்திக்கோ” என்றார்.

மீதியைப் பெரியம்மா அடுப்படியில் சொன்னாள். செங்கல் குவியலுக்குள் அந்தக் கண்ணாடி கீறல்கூட இல்லாமல் கிடந்திருக்கிறது. முனையில் சிமெண்ட் இல்லை. ஆபீஸில் உறை ஒட்டுகிற பசை. முதல் கண்ணாடி எப்போதோ உடைந்திருக்கிறது. அரசாங்கச் சாமானை உடைத்த பழி தன் தலையில் விழும் என்று பயந்து, வாட்ச்மேன் அதே அளவில் இன்னொன்றை வெட்டி ஒட்டிவிட்டிருக்கிறார். சுவர் அசைய அசையப் பசை இளகிக்கொடுத்தது.

பெரியப்பா அந்தக் கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். விசாரணையில், “போய்ப் பாக்காமயே எழுதிட்டேன் சார்” என்றார். தப்பு வாட்ச்மேனுடையது என்று ஆகியிருந்தால் அவர் மனைவிக்கு வாரிசு வேலை கிடைத்திருக்காது. கிடைத்தது. அதே ஆபீஸில், பெருக்குகிற வேலை. பதினான்கு வருடம் எல்லா மேசையடியும் பெருக்கிய அந்த அம்மா, பெரியப்பாவின் மேசையடியை மட்டும் பெருக்கவில்லை. அவரே பெருக்கிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “இப்பவாவது சொல்லிடுங்க பெரியப்பா. அவங்களும்தான் ரிட்டயர் ஆயிட்டாங்க. இனிமே வேலைய யாரு புடுங்கப் போறா?”

“வேலைக்காகவாடி? இத்தன வருஷமா கோவப்பட அந்தப் பொண்ணுக்கு நான் ஒருத்தன் இருக்கேன். சொல்லிட்டா புருஷன் மேலதான கோவப்படணும்?” பிறகு, “கீழ நின்னே பாத்தேன். ஒரு தடவ ஏணி போட்டு ஏறித் தொட்டிருந்தா பசைன்னு தெரிஞ்சிருக்கும்” என்றார்.

மலரில் வாசப்படிச் சண்டை வந்தது. எல்லோரும் சிரித்தார்களாம்.

அந்த மழைக்காலத்தில் பெரியப்பா போய்விட்டார். ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். பெரியம்மா அழுகைக்கு நடுவிலும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா வரவில்லை.

போன மாதம் அந்த அம்மாவும் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் இல்லை. இனி மறைப்பதற்கு யாரும் இல்லாததால் எழுதுகிறேன். கண்ணாடி பெரியப்பாவின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஓரத்தில் பசை மஞ்சளாகக் காய்ந்திருக்கிறது. பெரியப்பா ‘2’ எழுதும்போது வாலை நீளமாக இழுத்து மேலே சுழிப்பார். தேதியில் அந்தச் சுழியைக்கூட விடாமல், பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார் வாட்ச்மேன்.