வெடிக்குள் இருந்த மாவட்டம்

விஸ்வநத்தம் ஊர்க்காரி முத்துப்பேச்சி மூன்று மாவட்டங்களில் வாழ்ந்தவள். பிறந்தது ராமநாதபுரம் மாவட்டம், பிள்ளை பெற்றது காமராஜர் மாவட்டம், தலை நரைத்தது விருதுநகர் மாவட்டம். இத்தனைக்கும் அவள் தெருவை விட்டு நகரவில்லை. மாவட்டங்கள்தான் அவள் வீட்டுக்கு மேலே வருவதும் போவதுமாக இருந்தன. காமராஜர் மாவட்டம் எண்பத்தைந்தில் பிறந்து தொண்ணூற்றேழில் பெயரிழந்தது. பன்னிரண்டு வயசு. அவள் வளர்த்த வெள்ளாடு ஒன்றுகூட அதைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தது.

பட்டாசு கம்பெனியில் அவளுக்குக் குழாய் உருட்டும் வேலை. எடைக்கு வரும் பழைய தாளைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, வெயிலில் காயப்போட வேண்டும். எந்தத் தாளையும் வாசிக்காமல் உருட்டமாட்டாள். பரீட்சைப் பேப்பர், கல்யாணப் பத்திரிகை, கோர்ட்டு நோட்டீஸ் எல்லாம் வாசிப்பாள். "இவ கலெக்டருக்குப் படிக்கா" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தில் மகள் ரோஜாவுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் இருப்பிடச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். மகளாவது வெடிமருந்து நெடி இல்லாத இடத்தில் மூச்சு விடட்டும் என்பது ஒன்றுதான் முத்துப்பேச்சியின் ஆசை. சாமி வரம் கொடுத்துவிட்டது. வரத்தைத் தராத பூசாரிதான் தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். மேஜைப் பலகையில் லட்சுமிகாந்தம் என்று பெயர் இருந்தது.

"பிறப்புச் சான்றிதழ்ல காமராஜர் மாவட்டம்னு இருக்கு. நீ கேக்கிறது விருதுநகர் மாவட்டத்துச் சான்றிதழ். காமராஜர் மாவட்டத்துல போய் ஒரு கடிதம் வாங்கிட்டு வா."

"அந்த மாவட்டத்துக்கு எந்த பஸ்ஸு போகுதுய்யா?"

"அப்படி ஒரு மாவட்டம் இப்ப இல்லம்மா."

"இல்லாத ஊர்ல யாருய்யா கடிதம் குடுப்பாக?"

"அது உன் பாடு. எனக்கு ஆதாரம் வேணும்."

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனால் அந்தப் பெயர்ப் பலகை மட்டும் மனசை உறுத்தியது. லட்சுமிகாந்தம் என்ற பெயரை எங்கோ வாசித்திருக்கிறாள். பாதி வழி வருவதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. போன வாரம் ஏதோ அலுவலகத்தின் பழைய கோப்புகள் ஒரு லோடு வந்தன. அதை அவள்தான் உருட்டினாள்.

நல்லவேளை, முழுத்தாளில் உருட்டிய பெரிய குழாய்கள் மருந்து ஏறாமல் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தன. கணக்குப்பிள்ளை சாப்பிடப் போன நேரத்தில் முத்துப்பேச்சியும் தோழி செல்லக்கனியும் குழாய்களைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தார்கள்.

"ஏட்டி, கூலிக்கு உருட்டுதோம், சும்மா பிரிக்கோம். நம்ம பொழப்பப் பாரு" என்றாள் செல்லக்கனி. நாற்பத்தோராவது குழாயில் அகப்பட்டது.

மறுநாள் அந்தத் தாளை லட்சுமிகாந்தத்தின் மேஜையில் விரித்தாள். அது சுருண்டு சுருண்டு மறுபடியும் குழாய் ஆகப் பார்த்தது. அவர் ஸ்கேலை வைத்து அமுக்கி வாசித்தார். 'காமராஜர் மாவட்டம். இளநிலை உதவியாளர் பணி நியமன ஆணை. திரு. லட்சுமிகாந்தம்.' கீழே முத்திரையும் தேதியும் சுத்தமாக இருந்தன.

"ஐயாவும் அந்த மாவட்டத்து ஆளுதான் போல" என்றாள் முத்துப்பேச்சி பணிவாக. "அப்படி ஒரு மாவட்டமே இல்லைன்னா, ஐயா எந்த வேலைல இருக்கீகன்னு எனக்கு வெளங்கல. பெரிய ஐயாகிட்டயே கேட்டுக்கிடட்டா?"

லட்சுமிகாந்தம் உட்காரச் சொல்லி, டீ வாங்கி வரச் சொன்னார். சான்றிதழ் மதியத்துக்குள் கையெழுத்தாகி வந்தது. இரண்டு மாவட்டமும் ஒன்றே என்று கேட்காமலே ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

"இந்த மாதிரி நம்ம ஆபீஸ் பேப்பர் இன்னும் இருக்காம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"எம்புட்டோ இருந்துச்சு. சின்னக் குழாயெல்லாம் மருந்து ஏறி லோடு போயிருச்சுய்யா."

வெள்ளிக்கிழமை ரோஜா கல்லூரியில் சேர்ந்தாள். அந்தத் தீபாவளிக்கு ஊரே வெடித்தது. லட்சுமிகாந்தம் வீட்டில் மட்டும் ஒரு வெடிச் சத்தம் இல்லை. வாங்கிய வெடிப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வெடியின் தாளாகப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தாராம்.