நனைந்த பனியனும் கோத்தகிரி ஏற்றமும்

மழைக்காலத்தில் சைக்கிளில் மலை ஏறுவதற்கு என்ன உடுத்துவது என்று இந்த மாதம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். பதிலை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதையும் சொன்னால்தான் நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான், யார் சொல்லியும் கேட்காமல் போனவர்கள்.

இது 1994 ஐப்பசியில் நடந்தது. அதற்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரருக்கு நிமோனியா வந்து, கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். அவர் திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போவார். அவர் மூச்சுக்குத் திணறிய ஒரு நாளில் நான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். "இவரு திரும்பச் சைக்கிள் மிதிக்கோணும் சாமி. மிதிச்சா உன்ற மலைக்கே ரெண்டு பேரும் மிதிச்சு வாரோம்." மலை என்று நான் சொன்னது கோத்தகிரிக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிற ஒரு சின்னக் கோயில். என் பிறந்த வீட்டார் வருஷா வருஷம் பஸ்ஸில் போகிற கோயில்.

பழைய கியர் சைக்கிள் இரண்டு வாங்கினோம். எனக்குச் சைக்கிள் கல்யாணத்துக்கு முன்பே ஓட்டத் தெரியும், ஆனால் இதில் நடுவே கம்பி இருந்ததால் சேலை கட்டி ஏற முடியாது. அவர் கம்பெனியிலேயே டிராக் பேன்ட் தைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "ஏம்மிணி, ஒலிம்பிக்குக்கா போறே?" என்று கேட்டது தெருமுனை வரைக்கும் கேட்டது.

வேண்டுதலுக்குப் பச்சைத் துணிதான் உடுத்துவோம். அவர் பச்சையில் ஃபிளீஸ் எடுத்து வந்தார். வெளிப்பக்கம் வழவழப்பாகவும் உள்பக்கம் பஞ்சு மாதிரியும் இருக்குமே, அந்தத் துணி. ஆளுக்கு ஒரு ஸ்வெட் ஷர்ட், அடியில் போட இரண்டு பனியன். எல்லாமே பருத்தி.

"பியூர் காட்டன் அம்மிணி, த்ரீ ஹண்ட்ரட் ஜி.எஸ்.எம். ஜெர்மனிக்காரன் ஐஸ்லயே இதைத்தான் போட்டுக்கிட்டு நடக்கறான். கோத்தகிரி எம்மாத்திரம்?" என்றார். துணியின் கனத்தைத்தான் அப்படிச் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. பருத்தி தவிர மற்றதெல்லாம் மட்டச் சரக்கு என்றுதான் அன்றைக்கு எங்கள் ஊரில் பேச்சு. பீரோவில் அவருடைய கம்பளி ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. காப்பிக் கலர். பச்சை இல்லையே என்று அதை எடுக்க வேண்டாம் என்றது நான்தான். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அவிநாசி 14 கிலோமீட்டர். சாமி கும்பிட்டு, இட்லி சாப்பிட்டு, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது மணி 11:20. மொத்தம் 55 கிலோமீட்டர், சமதரை, வெயில். லாட்ஜில் ரூம் எழுபது ரூபாய். இந்த நாளைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை. பருத்தி அன்றைக்கு ரொம்ப சுகமாக இருந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு ஏற்றம் தொடங்கியது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். ஒன்பதாவது கிலோமீட்டரில் தூறல் விழுந்ததும் பிளாஸ்டிக் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டோம். ஏற்றத்தில் மிதிக்கும்போது உடம்பு கொதிக்கிறது. அந்தக் கோட்டுக்குள் காற்றுப் போக வழியில்லை. இதை முக்கியமாகக் கவனியுங்கள்: மழை வெளியே இருந்து நனைப்பதற்கு முன்பே வேர்வை எங்களை உள்ளே இருந்து நனைத்துவிட்டது. புழுக்கம் தாங்காமல் அவர் கோட்டைக் கழற்றிக் கேரியரில் வைத்தார். மேலே போகப் போகத் தூறல் மழையாகி, மஞ்சும் இறங்கிவிட்டது. "கோட்டைப் போடுங்க" என்றேன். "இனி நனையறதுக்கு என்ன இருக்குது?" என்று சிரித்தார்.

அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. நான் முன்னால் போய்க்கொண்டிருந்ததால் உடனே தெரியவில்லை. மணி பத்தேகால், 21 கிலோமீட்டர் வந்திருந்தோம். ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தால் அவர் இறங்கி நின்றுகொண்டிருக்கிறார். உதடு நாவல் பழ நிறம். "என்னங்க பண்ணுது?" என்று கேட்டால், "கட்டிங் டேபிள் எங்கே?" என்கிறார். முதலில் கேலி என்று நினைத்தேன். கையைத் தொட்டுப் பார்த்ததும் கேலி இல்லையென்று தெரிந்துவிட்டது. போன வருஷம் ஆஸ்பத்திரியில் பார்த்த முகம் திரும்ப எதிரே நின்றது.

வளைவைத் தாண்டி ஒரு டீக்கடை, பின்னாலேயே வீடு. சைக்கிள்களைப் போட்டுவிட்டு அவரைத் தாங்கிக்கொண்டு போனேன். கடைக்காரம்மா பெயர் பாக்கியம், நாற்பது நாற்பத்தைந்து வயசிருக்கும். சிலோனிலிருந்து வந்த குடும்பம். பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு.

"ஐயாவ உள்ளுக்குக் கொண்டாங்க. முதல்ல அந்தப் பஞ்சுத் துணியக் கழட்டுங்க."

"டீ குடிச்சாச் சரியாயிரும்ங்க" என்றேன்.

"ஈரத்த உடுத்திக்கிட்டு டீ குடிச்சு என்னத்துக்கு? கழட்டுங்கம்மா."

உள்ளே அடுப்புப் பக்கம் உட்காரவைத்து ஸ்வெட் ஷர்ட்டை உரித்தோம். பிழிந்தபோது ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. பாக்கியம் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு?" என்று கேட்டார். திருப்பூர் என்றேன்.

"ஊருக்கெல்லாம் உடுப்புத் தெச்சு அனுப்புறீங்க, உங்களுக்கு ஒண்ணு தெச்சுக்கத் தெரியலையே!"

என் வீட்டுக்காரர் அந்த நடுக்கத்திலும், "எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்க" என்று முனகினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பாக்கியம் மரப்பெட்டியைத் திறந்து ஒரு கனத்த கம்பளி ஸ்வெட்டரும் குல்லாவும் எடுத்தார். எடுத்தவர் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "ஒண்ணு சொல்லிர்றேன். இது சாவு விழுந்த வீடு. எம் புருஷன் தவறி இன்னைக்கு ஒன்பதாம் நாள். இது அவரு போட்டிருந்தது. நீங்க பச்சை உடுத்திக் கோயிலுக்குப் போறவங்க. பொறகு தெரிஞ்சு மனசு கஷ்டப்படக் கூடாது." அப்போதுதான் மூலையில் எரிந்துகொண்டிருந்த விளக்கையும் படத்தையும் பார்த்தேன்.

என் கை நீளவில்லை. நான் வளர்ந்த முறையில் சாவு வீட்டுத் தண்ணீரைக் குடித்தாலே தலைக்கு ஊற்றாமல் கோயில் பக்கம் போக முடியாது. இதுவோ இறந்தவர் உடம்பில் கிடந்த துணி. அதை வேண்டுதலுக்குப் போகிறவர் மேல் போட்டால், ஒரு வருஷமாகக் காத்த வேண்டுதல் என்னாவது? நான் தயங்கி நின்றது அரை நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் அவர் நடுக்கம் நின்றுவிட்டது. சரியாகித்தான் நின்றது என்று நினைத்தேன்.

"நடுக்கம் நிக்கப்படாது தாயி, நின்னா மோசம்!" என்று பாக்கியம் அதட்டினார்.

நான்தான் வாங்கி, நானே தலை வழியாக மாட்டிவிட்டேன். குல்லாவையும் காது மறைய இழுத்துவிட்டேன். பாக்கியம் தந்த உலர்ந்த சேலையை நானும் உடுத்திக்கொண்டேன். இருபது நிமிஷம் கழித்துத்தான் நடுக்கம் திரும்பி வந்தது. அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். ஒரு மணி நேரத்தில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயைத் தானே பிடித்துக் குடித்தார். "அம்மிணி, பச்சை போச்சே" என்றார். "பேசாம இருங்க" என்றேன்.

பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. பன்னிரண்டரைக்கு மழை விட்டது. ஸ்வெட்டருக்கு மேல் யூரியாச் சாக்கின் உள் கவரில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிவிட்டார் பாக்கியம். நானும் அடுப்பில் காய்ந்த டிராக் பேன்ட்டையும் பனியனையும் அதேபோல் ஒரு கவரையும் மாட்டிக்கொண்டேன். இருந்த 12 கிலோமீட்டரைப் பாதி மிதித்தும் பாதி தள்ளியும் மூன்றரைக்குக் கோயில் போய்ச் சேர்ந்தோம். தூறிக்கொண்டிருந்தது. வாசற்படியைத் தாண்டாமல் நின்றுவிட்டோம்.

"உள்ள வாங்க, ஏன் நனையறீங்க?" என்றார் பூசாரி.

நடந்ததைச் சொன்னேன். அவர் முறை தெரிந்த மனுஷர், பரவாயில்லை வாங்க என்று சொல்லவில்லை. "அப்ப அங்கேயே நில்லுங்க" என்று உள்ளே போய், தீபாராதனையை முடித்து, கதவு இரண்டையும் முழுக்கத் திறந்துவைத்தார். மழைக்கு நடுவே சாமி நேராகத் தெரிந்தார். யூரியாக் கவரோடு கும்பிட்டோம்.

மறுநாள் இறங்கும்போது ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்தோம். "கோயிலுக்குள்ள போனீங்களா?" என்று பாக்கியம் கேட்டார். "வெளியே நின்னு நல்லாப் பார்த்தோம்ங்க" என்றேன். அவர் ஸ்வெட்டரை மடித்து உடனே பெட்டியில் வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார். ஸ்வெட்டருக்குப் பதில், இறக்கத்துக் காற்றுக்காகச் சட்டைக்குள் நாலு மடிப்பு நியூஸ் பேப்பர் திணித்து அனுப்பினார். சிரிக்காதீர்கள், நெஞ்சு சில்லிடாமல் மேட்டுப்பாளையம் வரை அதுதான் காத்தது.

இனி நீங்கள் கேட்டது. உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டவே வேண்டாம், ரூமில் தூங்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்ததும் அந்த ஸ்வெட் ஷர்ட்டை நூல் நிறுக்கும் தராசில் வைத்தேன். உலர்ந்தால் 520 கிராம், நனைந்தால் 1 கிலோ 700. அடியில் மெல்லிய கம்பளியோ பாலியஸ்டர் பின்னல் துணியோ போடுங்கள். இப்போது திருப்பூரிலேயே நன்றாகப் பண்ணுகிறார்கள். அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர், எந்தக் கலரானாலும் சரி. மழைக்கோட்டில் அக்குளுக்கடியில் காற்றுப் போக வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏற்றத்தில் வேர்க்கும் முன்பே ஜிப்பைத் திறந்துவிடுங்கள், இறக்கம் தொடங்கும் முன்பே மூடுங்கள். குளிர் அடிப்பது இறக்கத்தில்தான். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்காது, கையுறை முக்கியம். ஒரு செட் உலர்ந்த துணி பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியாக இருக்கட்டும். கூட வருகிறவரோடு பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பேசுங்கள். பதில் தாறுமாறாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

வேண்டுதல் அப்படியே நின்றுவிட்டதே என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்காக அடுத்த வருஷம் மாசியில் திரும்பவும் மிதித்துப் போய், குளித்து, பச்சை உடுத்தி, உள்ளே போய் முறைப்படி கும்பிட்டு வந்தோம். நல்ல வெயில், ஒரு குறையுமில்லை. ஆனால் முருகனிடம் நான் பட்ட கடன் தீர்ந்தது அந்த முதல் வருஷம், வாசலில் நின்றபோதுதான். இதை அவரிடம்கூட நான் சொன்னதில்லை.