ஈரக்கை யார் என்று அரை இஞ்சு சொன்னது

எந்தச் சுவரையும் தொடுவதற்கு முன் அவர் ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். நுனியைச் சுவரில் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொள்வார். வாய் மட்டும் லேசாகத் திறந்திருக்கும். முதல்முறை பார்க்கிற வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் அசைய மாட்டார். உள்ளே தண்ணீர் எங்கே கசிகிறதென்று கேட்டு முடித்த பிறகுதான் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியைத் தாண்டி ஒரு செங்கல்லைக்கூட வீணாக உடைத்ததில்லை.

குழாய் வேலைக்காரர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அரை இஞ்சு. ஆள் ஒல்லி என்பது ஒரு காரணம். எந்தக் கோளாறைக் காட்டினாலும் "அரை இஞ்சு பைப்பை வெச்சு ஒப்பேத்தியிருக்காங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார் என்பது இன்னொன்று.

புத்தகத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டுக்கு வந்த படிப்பு மொத்தத்தையும் அக்காவே வாங்கிக்கொண்டுவிட்டாள். கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறாள். நாற்பத்தைந்து வயதுவரை அவர் ஒரு கதையை முழுசாக முடித்ததில்லை. ஒருநாள் யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் தொட்டி நிரம்பக் காத்திருந்தபோது, அக்கா எப்போதோ அனுப்பிவைத்த இணைய இதழின் தொடர்கதையைப் போனில் திறந்தார். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து படித்தார். தொட்டி வழிந்து காலை நனைத்த பிறகுதான் எழுந்தார்.

கதை இதுதான்: கணவனை இழந்த ஓர் இளம்பெண் கீழ்வீட்டில் இருக்கிறாள். மாடியில் மாமியார். மகன் போன நாளிலிருந்து மருமகளோடு பேச்சில்லை. வாரம் ஒரு கடிதம் மட்டும் கதவிடுக்கில் கிடக்கும், கையெழுத்தில்லாமல். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அந்த நீலப் புடவை உனக்கு நன்றாக இருக்கிறது. எல்லாக் கடிதத்திலும் ஈரமான விரல் பட்டு மை கலைந்திருக்கும். அதனால் வாசகர்கள் அந்த ஆளுக்கு ஈரக்கை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஈரக்கை யாரென்று கடைசி அத்தியாயத்துக்கு முன் கண்டுபிடியுங்கள் என்றார் எழுத்தாளர். ஒரு குழுவுக்கு ஒரே பதில். சரியாகச் சொன்னால் குழுவில் உள்ள எல்லோர் பெயரும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வரும்.

'ஈரக்கை யார்' என்ற பெயரில் அக்கா போனில் நடத்திய வாசகர் குழுவில் ஐம்பது பேர். கதையில் துப்புத் தேட ஆளுக்கொரு வேலை. நோய், மருந்து எல்லாம் நர்ஸம்மா பொறுப்பு. யார் எங்கே போனார், எத்தனை நிமிஷம் ஆனது என்பது பஸ் டிரைவருக்கு. தம்பிக்கு அக்கா கொடுத்தது 'மற்றவை'.

"மற்றவைன்னா என்னக்கா?"

"யாரும் சீண்டாததெல்லாம்."

"அப்ப நான் தினமும் பாக்கற வேலைதான்."

ஞாயிறுதோறும் புது அத்தியாயத்தை இரண்டு தடவை படிப்பார். "அண்ணா, இந்த வாரம் என்ன நினைக்கிறீங்க?" என்று நர்ஸம்மா கேட்பார். குழாயைத் தவிர வேறெதைப் பற்றியும் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்காகவே அவர் மூன்றாவது தடவையும் படித்தார்.

கதையில் வரும் எதிர்வீட்டு டாக்டர்தான் ஈரக்கை என்று குழு கிட்டத்தட்ட முடிவு கட்டியிருந்தது. டாக்டர் சதா கை கழுவுகிறவர். அந்தச் சமயத்தில் ஒரு கடிதம்: 'காலையில் நீ பாத்திரம் துலக்கத் தொடங்கியதும் என் குளியல் நூலாக இளைத்துவிடுகிறது.' அக்கா இதற்கு இரண்டு பக்கம் விளக்கம் எழுதினாள். பிரிவில் உடல் இளைப்பதுபோல் நீரும் இளைக்கிறதாம். குழுவே உருகிப்போனது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த விளக்கத்தைப் படித்துவிட்டு அரை இஞ்சு விழுந்து விழுந்து சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. பின்னால் சுத்தியல் சத்தம் கேட்கக் கேட்க, குரலைப் பதிவுசெய்து அனுப்பினார்:

"அது ஏக்கம் இல்லைங்க, பிரஷர். மொட்டைமாடித் தொட்டியிலேருந்து ஒரே பைப் இறங்குது. கீழ திறந்தா மேல இளைக்கும். டாக்டர் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், அவருக்குத் தொட்டியே வேற. இவ பாத்திரம் கழுவுனா அவருக்கு ஏன் இளைக்கணும்? அந்த மாடியில குளிக்கிறது ஒரே ஆள். மாமியார்."

முதலில் பஸ் டிரைவர் வந்தார்: "அண்ணே, மாமியார் மருமகளுக்கு நீலப் புடவை நல்லாருக்குன்னு எழுதுவாங்களா? இதை எங்க வீட்ல சொன்னா என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"ஈரக்கை எப்படிண்ணா வரும்?" என்றார் நர்ஸம்மா.

"குளிச்ச கையோட எழுதுறாங்கம்மா."

அக்கா தனியாகக் கூப்பிட்டாள். "டேய், இருபது வருஷமா உவமை நடத்தறேன். என்கிட்ட வந்து பைப்புங்கறியே?"

"உவமையாவே இருக்கட்டும்க்கா. அதுக்கும் தண்ணி எங்கேருந்தாவது வரணும்ல?"

"அம்பது பேர் பேரு அச்சுல வர்ற விஷயம். விளையாடாதே."

"தப்பா இருந்தா நான் குழுவை விட்டே போயிடறேன்."

சொன்ன பிறகுதான் யோசித்தார். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது? "வாய் இருக்குன்னு பேசாதே" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை வாக்கெடுப்பு. டாக்டருக்கு நாற்பத்து மூன்று, மாமியாருக்கு ஏழு. 'பதில் போய்விட்டது' என்று அக்கா ஒரே வரி போட்டாள்.

ஞாயிறு காலை கடைசி அத்தியாயம் வந்தது. அரை இஞ்சு போனைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தார். கடைசியில் படித்தார். மருமகள் பாத்திரத்தைப் பாதியில் வைத்துவிட்டு மாடியேறுகிறாள். கதவைத் தட்டாமல் திறக்கிறாள். தலையில் ஈரத்துண்டோடு, பேனாவோடு, மாமியார்.

எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். குதிக்க வேண்டும்போல இருந்தது. அடுத்த நொடியே மனசு கனத்தது. சரியாகச் சொல்லி என்ன, போன பதில் டாக்டர்தானே. ஐம்பது பேர் பெயரும் போயிற்று. 'இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணும், மன்னிச்சிடுங்க' என்று குழுவில் எழுதினார்.

"அண்ணா, அத்தியாயத்துக்குக் கீழ பாருங்க!" என்று நர்ஸம்மா கத்தினார். அங்கே போட்டிருந்தது: சரியாகச் சொன்ன ஒரே குழு, 'ஈரக்கை யார்'.

"மாமியார்னு அனுப்புனது யாரு?" என்றார் பஸ் டிரைவர்.

"நான்தான்" என்றாள் அக்கா. "எனக்கு எண்ணத் தெரியாது."

"மேடம், இது ஜனநாயகமா?"

"இல்லப்பா. இலக்கியம்."

அன்று முழுக்கக் குழு ஒரே அமளி. நாற்பத்து மூன்று பேரும் தங்களுக்கு முதலிலேயே மாமியார்மேல் சந்தேகம் இருந்தது என்றார்கள். டாக்டரை யாருக்குமே பிடித்ததில்லையாம். அடுத்த தொடரில் அரை இஞ்சு அண்ணாவுக்கு எந்த வேலை கொடுப்பது என்று பெரிய சண்டை. 'மற்றவை' தனக்கே வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் அக்கா வீட்டுக்காரர் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னார். அவர்கள் வீட்டுக் குளியலறை மாடியில். சாயங்காலம் அவர் தலை நிறைய சோப்போடு நிற்கையில் தண்ணீர் இளைத்தது, வந்தது, மறுபடி இளைத்தது. மூன்று தடவை. கண்ணைத் திறக்க முடியாமல் அவர் கீழ்நோக்கிச் சத்தம் போட்டார். அக்கா ஒரு கையால் சமையலறைக் குழாயைத் திறந்து மூடியபடி மறுகையால் எழுத்தாளருக்குப் போட்டிப் பதிலை அனுப்பிக்கொண்டிருந்தாளாம். மெயிலில் இருந்த நேரம் ஐந்து நாற்பது. வாக்கெடுப்பு நடத்தப்போவதாக அவள் குழுவில் அறிவித்தது ஆறு மணிக்கு.