தை ஐந்தாம் நாள் எடுத்த படம்

சுவரில் புதிதாகக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தால் தீனதயாளன் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். இறந்தவரின் முகத்தைப் பார்க்கமாட்டார். நேரே 'மறைவு' என்ற சொல்லுக்குப் போய்த் தேதியைப் படிப்பார். போனவர் புகைப்படக்காரர் என்றால் மட்டும் சட்டைப்பையிலிருந்து குறிப்பேடு வெளியே வரும்.

கள்ளக்குறிச்சியில் அவருக்கு ஒரு பிளெக்ஸ் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி எல்லாம் அடிப்பார். ஓடுகிற அச்சை நடுவில் நிறுத்தக்கூடாது என்பது கடைச் சட்டம். நிறுத்தினால் குறுக்கே கோடு விழும், துணி வீண். ஒருமுறை கடைக்குள் பாம்பு வந்தபோதுகூட, "மொதல்ல இது முடியட்டும்" என்று மேசை மேல் ஏறி நின்றாராம்.

ஓய்ந்த நேரத்தில் பழைய புகைப்படங்களைத் தேடிப் பிடித்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓர் இணையக் காப்பகத்தில் ஏற்றுகிறார். கல்வராயன் மலையில் ஒரு வீட்டில் படம் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், வெள்ளிமலை பஸ்ஸில் ஸ்கேனரைப் பிள்ளைபோல் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கண்டதையெல்லாம் ஏற்றிவிட முடியாது, பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும். 1958 பிறப்பதற்கு முன் எடுத்த படம் என்றால் எல்லோருக்கும் பொது. அதற்குப் பிறகு என்றால், எடுத்தவர் இறந்து அறுபது ஆண்டு முடியவேண்டும். அதனால், படத்தில் இருப்பது யார் என்று அவர் கேட்பதில்லை. "எடுத்தவரு இருக்காரா, பூட்டாரா?" என்பார். "அவரு பூட்டு எழுவது வருஷம் ஆவுதே" என்று பதில் வந்தால் முகம் மலர்ந்துவிடும். பிறகு சட்டென்று நினைவு வந்து, "த்சொ, பாவம்" என்பார். அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் கலையரசன் விடமாட்டான். "எமனுக்கு அடுத்தாப்புல நம்ம அண்ணந்தான் டேட்டு கேக்கறாரு."

போன மாதம் அவர் சிக்கிக்கொண்டது மணலூர்பேட்டை ஆண்டாளம்மாள் கொடுத்த படத்தில். அவருடைய அப்பா கண்ணாயிரம் எடுத்தது. பெண்ணையாற்று மணலில் பெருங்கூட்டம். பின்பக்கத்தில் பென்சிலால் 'ஹேவிளம்பி வருஷம்'. தீனதயாளன் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஹேவிளம்பி என்றால் 1957 என்று இருந்தது. ஏற்றிவிட்டார். படத்துக்குக் கீழே அப்பா பெயரைக் கண்டதும் ஆண்டாளம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களுக்குக் காட்டவேண்டும் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை, அவருக்கு ஒரு பிரின்ட் போட்டுத்தரலாம் என்று தீனதயாளன் படத்தைப் பெரிதாக்கினார். கூட்டத்துக்கு நடுவே குடைகள். குடைகளுக்குக் கீழே சாமிகள். ஊர்ச் சாமிகள் ஆற்றுத் திருவிழாவுக்கு வருவது தை ஐந்தாம் நாள். ஹேவிளம்பி பிறந்தது 1957 சித்திரையில்தான். ஆனால் அது தைக்கு வந்து சேர்வதற்குள் ஆங்கில வருஷம் மாறிவிட்டது. படம் எடுத்தது 1958 ஜனவரி பதினெட்டு. கண்ணாயிரம் இறந்தது 1991.

"பதினெட்டு நாளுதானேண்ணா? யாரு பாத்துக்கினு இருக்கறாங்க, உட்ரு" என்றான் கலையரசன்.

"நான் பாத்துட்டேனே."

படத்தை அவரே நீக்கினார். அன்று மாலை டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஆண்டாளம்மாள் கடைக்கு வந்து போனை நீட்டினார். "இன்னா தீனா, எங்கப்பார காணோம்?"

தீனதயாளன் கடைக் கணினியில் படத்தைத் திறந்து, பஞ்சாங்கத்தை விரித்து வைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"மறுபடி எப்ப போடுவ?"

"2052 பொறக்கணும்மா."

"அதுக்குள்ள எனக்கே நீ பிளெக்ஸு அடிச்சிருப்ப!" சிரித்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "வேற வழியே கெடையாதா?"

"வாரிசுங்க எல்லாம் சம்மதம்னு எழுதிக் குடுத்தா இன்னிக்கே போட்டுடலாம்."

"பேனாவ குடு."

"வீரமணி அண்ணனும் போடணும்மா."

வீரமணி ஆண்டாளம்மாளின் தம்பி, ஒரே தம்பி. மகளின் மஞ்சள் நீராட்டுக்கு அக்கா வீட்டுக்கு நேரில் வராமல், பத்திரிகையை ஆளிடம் கொடுத்தனுப்பினார். அக்கா போகவில்லை. பதினோரு வருடமாகப் பேச்சில்லை. அந்த விழாவுக்குப் பிளெக்ஸ் அடித்ததும் தீனதயாளன்தான். அத்தை படத்துக்கு விட்டிருந்த இடத்தில் கடைசி நேரத்தில் ஒரு ரோஜாப்பூவைப் போட்டு நிரப்பினார்.

ஆண்டாளம்மாள் திரையில் தெரிந்த ஆற்றை விரலால் தொட்டார். "நீயே பேசு. நான் இங்க இருக்கறன்னு சொல்லாத."

தீனதயாளன் எண்ணை அழுத்தினார். பின்னால் இயந்திரம் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்தைக் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "அலோ, யாரு?" என்று குரல் வந்தது. தீனதயாளன் போனை ஆண்டாளம்மாளின் உள்ளங்கையில் வைத்தார். எழுந்து போய், பாதி முகம் வரை அச்சாகியிருந்த பிளெக்ஸின் மேல் கோடு விழ, இயந்திரத்தை நிறுத்தினார்.