பெயர் போட்ட காகிதங்கள்

அந்தமானில், திக்லிபூரில் எங்கள் பள்ளிக்கூடத்தின் மேற்கு வகுப்பறையைக் கட்டியவன் நான். அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கப்பலேறி வந்தவன், மணல் சுமந்து, கான்ட்ராக்டராகி, பாக்குத் தோட்டமும் போட்டுவிட்டேன். பள்ளிக் கமிட்டித் தலைவரும் நானே. போன வருஷம் பிள்ளைகளின் பழக்கவழக்கங்களைக் கேட்டு எழுத போர்ட் பிளேரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்தபோது, என் தோட்டத்துப் பாக்கோடு வெற்றிலைத் தட்டு ஏந்தி வரவேற்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "ஐயா, மூணாவது கேள்வியே பாக்கு போடுவியான்னுதான். இதைக் கொஞ்சம் மறைச்சு வச்சிருங்க."

புகையிலை, சாராயம், அடிதடி, காலைச் சாப்பாடு, மனச்சோர்வு என்று கேள்விகள். டிக் போட்டால் போதும். தாள்களைக் கொடுத்துவிட்டு அவள் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனாள். நான் சும்மா நிற்பேனா? என் தோட்டத்துக் காகிதத்தில் என் பெயர் ஏற ஏழு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தவன். பெயரில்லாத காகிதத்தை எவன் மதிப்பான்? எல்லோரையும் மேலே தன் பெயர், அப்பா பெயர் எழுத வைத்தேன். அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள்.

அவள் வந்து புரட்டினாள். எல்லாவற்றுக்கும் 'இல்லை'. "ஒருத்தன்கூட ஜென்மத்துல சண்டை போட்டதில்லையாம்" என்றாள். கடைசி பெஞ்சில் கண் வீங்கி உட்கார்ந்திருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பேரு எழுதச் சொன்னது யாரு?"

வகுப்பே என்னைப் பார்த்தது.

"எழுதாத தாள் இன்னும் ஒரே ஒரு கட்டுதான் ஐயா இருக்கு. இதுவும் பொய்யாப் போச்சுன்னா, இந்த ஸ்கூலை விட்டுட்டுத்தான் காலைல பஸ் ஏறணும். நீங்க கொஞ்சம் வெளியே இருங்க."

"நான் கட்டின ரூம்மா இது."

"அதான் கதவு நல்லாச் சாத்துது, ஐயா."

பிள்ளைகள் சிரித்தார்கள். கண் வீங்கியவன் கேட்டான்: "தாதாஜி, நிஜத்தை எழுதினா வீட்டுக்குச் சொல்ல மாட்டீங்களே? பக்கா?"

அவன் அப்பா என் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பக்கா" என்றேன். பெயர் போட்ட தாள்களை அவரவர் கையாலேயே கிழிக்கச் சொன்னேன். அத்தனை சந்தோஷமாக அவர்கள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

வெளியே தண்ணீர்த் தொட்டித் திண்டில் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தேன். உள்ளே ஒரு சத்தமில்லை. மணியடித்தும் யாரும் வெளியே வரவில்லை. அஞ்சு நிமிஷத்தில் முடிந்த அதே கேள்விகள்தான்.

கடைசியில் ஒட்டிய கவரோடு அவள் வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. அந்த வகுப்பில்தான் என் பேத்தியும் படிக்கிறாள். மெல்லக் கேட்டேன்: "நம்ம பிள்ளை என்னம்மா எழுதியிருக்கா?"

"எனக்கெப்படி ஐயா தெரியும்? பேரே இல்லையே."

மறுநாள் விடியலில் அந்தக் கவரை நானே பஸ்ஸுக்குத் தூக்கிப்போனேன். பஸ் கூரை மேலே போடச் சொன்ன கண்டக்டர், "கிஸ்கா ஹை?" என்றான். யாருடையதென்று கேட்கிறான்.

"எங்க பிள்ளைங்களோடது. சீட்டுல வை" என்றேன். "பேரு மட்டும் கேக்காதே."