குடைக்காரரை அசைக்க முடியாத மேல்மாடி

கீழே ஒரு பக்கம் வீட்டுக்காரர், மறுபக்கம் வாடகைக்கு நான்; எங்கள் மேல்மாடியில் குடியிருக்கிறவர் குடைக்காரர். கம்பி ஒடிந்த குடை, பிடி கழன்ற குடை எதுவானாலும் அவர் கைக்குப் போனால் பிழைத்துவிடும். பிழைக்காதது அவர் தலைக்கு மேலே இருக்கிற கூரைதான்.

அவர் அப்பா குடிவந்தது போர்க்காலத்தில். வீடு கிடைக்காமல் அடிதடியாக இருந்ததால் வாடகையை ஏற்றக் கூடாதென்று அரசாங்கம் சட்டம் போட்டது. போர் முடிந்தது, சட்டம் முடியவில்லை. அப்பா கொடுத்த வாடகையைத்தான் மகனும் கொடுத்தார். அதில் சுண்ணாம்புகூட அடிக்க முடியாது என்று வீட்டுக்காரர் புலம்பியது நியாயம்தான். அதற்காக உடைந்த ஓட்டைக்கூட மாற்றாமல் விட்டாரே, அது நியாயமில்லை. ஒழுகினால் ஆள் தானாக ஓடிவிடுவார் என்று நினைப்பு. இவரோ ஒழுகுகிற இடத்திலெல்லாம் பழைய குடைகளைத் தலைகீழாக விரித்துத் தொங்கவிட்டார்.

பிறகு சட்டம் தளர்ந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு இஷ்டப்பட்ட வாடகை. பழைய ஆளைக் கிளப்ப வேண்டுமானால், சொந்தக் குடும்பத்துக்கே வீடு தேவை என்று காட்ட வேண்டும். வீட்டுக்காரருக்கு உடனே மகன்மேல் பாசம் பொங்கியது. புதுசாகக் கல்யாணமான பிள்ளைக்கு மேல்மாடி வேண்டுமென்று மனுப் போட்டார். வெளியே விற்கிற வாடகைக்குக் குடைக்காரரால் ஒரு சமையலறைகூடப் பிடிக்க முடியாது.

வாடகை அதிகாரி நேரில் பார்க்க வந்த அன்று நல்ல மழை. வீட்டுக்காரர், மகன், மருமகள் எல்லோரும் ஏறினார்கள். சாட்சிக்கு நானும் போனேன்.

மருமகள் அண்ணாந்து பார்த்தாள். "என்ன மாமா இது, வவ்வால் மாதிரி தொங்குது?"

"சும்மா அலங்காரம்மா" என்றார் வீட்டுக்காரர்.

"அலங்காரம் ரொம்பிடுச்சு, தள்ளி நில்லும்மா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் ஒரு குடை சாய்ந்து அவள் தோளில் கொட்டியது.

அதிகாரி கேட்டார், "நீங்கதானேம்மா இங்க குடிவரப் போறீங்க?"

"நானா? இங்க எவ குடித்தனம் பண்ணுவா? நாங்க கீழ மாமா வீட்டுலயே இருந்துக்கறோம் சார்."

வீட்டுக்காரர் மகனைப் பார்த்தார். "அவ சொல்றதுதான்பா" என்றான் அவன். ஊரை ஏய்க்கப் போய் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார் மனுஷர்.

"குடும்பத்துக்குத் தேவையில்லைன்னு ஆயிடுச்சு. மனு நிக்காது" என்றார் அதிகாரி. "கூரையச் சரி பண்ணுங்க, அதுக்கு ஏத்தமாதிரி வாடகைய ஏத்த சட்டத்துல இடமிருக்கு."

"நனையாம இருக்கவிட்டா ஏத்தியே தரேன்" என்றார் குடைக்காரர்.

எல்லோரும் இறங்கிப் போனதும் அவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே, ஜெயிச்சவங்க இப்படியா உட்காருவாங்க?"

"நேத்துலருந்து ஒண்ணும் எறங்கல தங்கச்சி. சோறு இருக்கா?"

"கீழ் வீட்டுல ஒருத்தி இருக்கேன்னு ஞாபகம் வர இத்தனை நேரமா?" என்று திட்டிக்கொண்டே கூட்டிப்போய்ப் பரிமாறினேன். குழம்புச் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழுந்தார்.