சோலையம்மாள் அத்தையின் சதுரம்

சோலையம்மாள் அத்தை கல்யாணத்துக்கு முன்பிருந்தே சித்தாள். ராமேஸ்வரத்தில் யாத்திரிகர்கள் தங்கும் லாட்ஜுகளில் பாதிக்காவது அவர் கலவை சுமந்திருப்பார். போன வருஷம் தோள் பிடித்துக்கொண்டது. சட்டி தூக்கக் கை மேலே போகவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை இருந்தது, எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்றார்கள். ஐந்தாவதோடு நின்ற அத்தை தனித்தேர்வு எழுதினார். மற்றதெல்லாம் தேறி, கணக்கு மட்டும் போய்விட்டது. மறுபடி போனால் அந்த வேலை வேறொருவருக்கு.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், அதுவும் கணிதத்தில். நாற்கரங்களை ஒரே சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நீளமாகச் செவ்வகம் ஒன்று வரைந்து, "இது என்ன அத்தை?" என்றேன்.

"ஒரு ஆறு சதுரம் வரும்."

கட்டட வேலையில் நூறு சதுர அடிக்குச் சதுரம் என்று பெயர். வீடு எந்த வடிவில் இருந்தாலும் கொத்தனார் சதுரக் கணக்குத்தான் சொல்வார். அது பரப்பு, இது வடிவம், இதன் பெயர் செவ்வகம் என்று விளக்கினேன். அத்தை தலையாட்டினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சதுரமும் ஒரு வகைச் செவ்வகம்தான் என்று சேர்த்துச் சொன்னேன்.

"ஏலே மருமகனே, இப்பத்தான ரெண்டும் வேறன்னே?"

"எல்லாச் செவ்வகமும் சதுரம் இல்ல. எல்லாச் சதுரமும் செவ்வகம்."

"தல சுத்துது. அடுத்தத போடு."

சாய்சதுரம் போட்டேன். "செவுரு இப்பிடிச் சாஞ்சா மேஸ்திரி என்னைய ஏசுவாரு." பட்டம் போட்டேன். "நீ காலேசுல வாங்கிட்டு வந்தியே, அதா?" "இல்லத்தே, காத்துல விடுறது." "வாலக் காணோம்."

சரிவகத்தில் நானே மாட்டிக்கொண்டேன். ஒரு புத்தகம் ஒரே ஒரு ஜோடிப் பக்கம்தான் இணையாக இருக்க வேண்டும் என்றது. இன்னொன்று குறைந்தது ஒரு ஜோடி என்றது. அப்படியானால் இணைகரமும் சரிவகமா? பட்டம் வாங்கிய எனக்கே பிடிபடவில்லை. "இது பரீட்சைக்கு வராது அத்தை" என்று பக்கத்தைத் திருப்பினேன்.

தேர்வு முடிந்து வெளியே வந்தவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சதுரம் ஒரு செவ்வகம், சரியா தவறா, காரணம் கூறுன்னு கேட்டிருந்தான். சரின்னு எழுதிட்டேன்."

"காரணம்?"

"ஆறு சதுர வீட்ல ஒவ்வொரு சதுரமும் அந்தச் செவ்வகத்துக்குள்ளதான கெடக்குது."

விடை சரி, காரணம் தப்பு. இதற்கு மார்க் போடுவார்களா, மாட்டார்களா? எங்கள் ஊர் தேவிபட்டினம் வரும் வரை பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அத்தை ஜன்னலோரம் தூங்கிவிட்டார்.

தேறிவிட்டார். எந்த விடை தேற்றியது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. விடுதியில் வேலைக்குச் சேர்ந்து, பொங்கல் விடுப்பில் ஊருக்கு வந்தவரிடம், அந்தச் சதுரத்தை இன்னொரு தடவை ஒழுங்காகச் சொல்லித்தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்யா. வெளங்கிருச்சுன்னா பாஸானது போயிரும்."